நடராஜரை நோக்கிய நால்வர்

1921-ஆம் ஆண்டில் பாரிஸில் ‘ஆர்ஸ் ஆசியாட்டிகா’ வரிசையில், சைவச் சிற்பங்களைப் பற்றி ஒரு தொகுதி வெளிவந்தது. பிரெஞ்சுச் சிற்பி ரொதான், கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, சென்னையிலும் கல்கத்தாவிலும் கலைப்பள்ளித் தலைவராயிருந்த ஹாவெல், ருஷ்யரான கோலுபியேவ் ஆகிய நால்வரும், பிறந்த நாட்டாலும் வளர்ந்த சமயச் சூழலாலும் வேறுபட்டிருந்தும், அதில் நம் தெய்வத் திருமேனிகளைக் குறித்து எழுதினார்கள். பல சமயத்தார் கூடிச் செய்யும் கலையாராய்ச்சியை மதிப்பிட இதைவிடத் தக்க சான்று நான் அறியேன்.

1910-இல், ஹாவெல் லண்டனில் உரையாற்றிய கூட்டத்திலேயே, தலைமை வகித்த ஜார்ஜ் பேர்ட்வுட் புத்தர் திருவுருவம் ஒன்றைத் தின்பண்டத்தோடு ஒப்பிட்டு இகழ்ந்தார். கற்றவர் சபையில் அத்தகைய அவமதிப்பு செல்லுபடியான காலத்தில், ஒரு விக்கிரகத்தின் தாத்பரியத்தை அதை வணங்குவோரின் சாஸ்திரத்திடமே கேட்டறிய வேண்டும் என்று குமாரசுவாமி துணிந்தது பெருஞ்செயல். 1918-இல் வெளிவந்த தம் நூலில் இடம்பெற்ற சிவதாண்டவக் கட்டுரையில், நல்லசாமிப் பிள்ளை முதலியோரின் சைவ நூல் மொழிபெயர்ப்புகளைத் துணைக்கொண்டு, உடுக்கை, அபயகரம், தீ, ஊன்றிய பாதம், தூக்கிய திருவடி ஆகியவற்றில் ஐந்தொழிலைக் காட்டும் ‘உண்மை விளக்கம்’ என்னும் சைவ சித்தாந்த நூலின் கொள்கையை உலகறியச் செய்தார்.

ஆயினும், சைவனாகிய நான் மனமார ஏற்கும் அந்த விளக்கத்தில், ஆராய்ச்சியாளன் ஒதுக்கிவிட முடியாத இடர் ஒன்று உண்டு. ‘உண்மை விளக்கம்’ 13-ஆம் நூற்றாண்டினது. நடராஜ வடிவமோ, 10-ஆம் நூற்றாண்டில் சோழ அரசி செம்பியன் மாதேவியார் எடுப்பித்த கோயில்களிலேயே சிறந்து விளங்கியது. பின்வந்த சித்தாந்தி கண்ட பொருள் பொய்யன்று. ஆனால் அதுவே வடித்தவர் கருத்தும் என்பது நிறுவப்படாதது.

ரொதானோ சாஸ்திரம் அறியாதவர், இந்தியாவுக்கே வராதவர். சென்னை அருங்காட்சியகத்து விக்கிரகங்களின் புகைப்படங்களைக் கண்டு, 1913 அளவில் அவர் எழுதிய பக்கங்களில், தத்துவ நாட்டம் மறைத்துவிடும் உடலமைப்பின் நயத்தை ஒரு தொழிலாளியின் கண் கண்டறிந்தது. ஆனால் அவர் போற்றிய அங்கங்களில் பெரும்பகுதியைப் பட்டும் மாலையும் போர்த்தியே நம் கோயில்களில் உற்சவ மூர்த்தி எழுந்தருளுகிறார். தொகுதி வெளிவருமுன் 1917-இல் ரொதான் மறைந்துவிட்டமையால், சாஸ்திரம் கண்ட பொருளும் கண் கண்ட வடிவும் ஒரே அட்டைக்குள் இருந்தும் ஒன்றையொன்று வினவவில்லை.

அலங்காரம் செய்யும் அர்ச்சகரும் மெழுகில் உருவெடுத்து வார்க்கும் ஸ்தபதியும் அந்த நால்வர் சபையில் இல்லை. இதையே நான் பெருங்குறையாகக் கருதுகிறேன். அவர்களையும் அழைத்திருந்தால், ரொதான் வியந்த அங்க நெளிவில் சிற்ப அளவு விதியாகிய தாலக் கணக்கினால் வந்தது எவ்வளவு, கைவன்மையால் வந்தது எவ்வளவு என்ற கேள்விக்கேனும் விடை கிடைத்திருக்கும்.