சின்ன மௌலானாவின் நாகசுரம்

நேமத்தான்பட்டியில் செட்டியார் வீட்டுத் திருமணம் ஒன்றுக்குச் சென்றிருந்தோம். முகப்பில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர், ஒலிபெருக்கியில் எழுந்த தோடியைக் கேட்டுவிட்டு நம் பக்கம் திரும்பி, "ஆலிம்சா, வாசிக்கிறது உங்க ஆளு" என்றார்.

அன்போடு சொன்ன சொல்தான். எனினும், ஷேக் சின்ன மௌலானா சாகிபைப் பற்றி நாம் படித்தவற்றுள் பெரும்பாலானவை இந்த ஒரு வாக்கியத்தின் விரிவுரையாகவே இருந்தன. முஸ்லிம் ஒருவர் திருவரங்கத்தில் குடியேறி நாகசுரம் வாசித்தார் என்ற வியப்பில் தொடங்கி, மத நல்லிணக்கத்தில் முடிந்துவிடும். அவர் எவ்வாறு வாசித்தார் என்பதற்கு அங்கே இடமிராது. 1977இல் பத்மஸ்ரீயும் 1998இல் சங்கீத கலாநிதியும் பெற்ற ஒருவரை அடையாளச் சின்னமாக மட்டும் போற்றுவது, போற்றுவதுபோலக் குறைப்பதேயாகும்.

1924இல் ஆந்திரத்தின் கரவடியில், தலைமுறை தலைமுறையாக நாகசுரம் வாசித்த குடும்பத்தில் பிறந்தவர் அவர். அங்குக் கற்றதோடு நின்றிருந்தாலும் பெயர் பெற்றிருப்பார். தஞ்சைப் பாணியின் மீது கொண்ட பற்றினால், நாச்சியார்கோயில் இராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் மீண்டும் மாணவராய் அமர்ந்தார். தேர்ந்த கலைஞன் திரும்பவும் மாணவனாவது எத்துணைக் கடினம் என்பதை, பாடம் சொல்லிக் காலங்கழிக்கும் நாம் அறிவோம்.

அந்த இரண்டாம் கல்வியின் பயன் அவரது இராக ஆலாபனையில் தெரிகிறது. நாகசுரத்தில் விரல் மட்டும் இராகத்தை உருவாக்குவதில்லை. சீவாளியின் மேல் உதடு தரும் அழுத்தமும் மூச்சின் அளவுமே கமகங்களுக்கு உயிர். சின்ன மௌலானா மூச்சை வீணாக்குவதில்லை. தோடியின் காந்தாரத்தை அசைத்து அசைத்து, அதன் முழு வடிவத்தையும் உடனே காட்டிவிடாமல் நிறுத்துகிறார். பிருகாக்கள் பின்னரே வருகின்றன. கீர்த்தனை வாசிக்கையில் சொற்கள் எங்கே பிரிகின்றன என்பதைக் கேட்போர் உணர முடிகிறது. மனிதக் குரலே முதன்மையானது, கருவிகள் அதனைப் பின்பற்றுவன என்ற கருத்துடைய அல்-ஃபாராபி இதைக் கேட்டிருப்பின் மகிழ்ந்திருப்பார். குறை கூறுவதாயின், தவிலின் வேகம் கற்பனைச் சுரங்களில் அவரை இழுத்துச் சென்ற இடங்கள் சில உண்டு. ஆலாபனையில் காத்த நிதானம் அவ்விடங்களில் இல்லை.

இனி, நம்மவர் கேட்கும் கேள்வி: ஊதுகருவியை ஓர் ஆலிம் இவ்வாறு புகழலாமா? 'மஸாமீர்' விலக்கப்பட்டவை என்றே நாமும் மத்ரஸாவில் ஓதினோம். அதை எளிதாகத் தள்ளிவிடுவதற்கில்லை. ஆனால் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் கூறும் காரணத்தையும் சேர்த்தே ஓதினோம். இன்ப ஓசை என்பதற்காக அவர் அவற்றை விலக்கவில்லை. குடிப்பவர்களின் கூட்டத்திற்கு அவை அடையாளமாக இருந்ததாலேயே விலக்கினார். திருமணத்திலும் திருவிழாவிலும் ஒலிக்கும் நாகசுரத்தை மதுக்கூடத்தோடு சேர்த்து எண்ணுபவர் தமிழ்நாட்டில் யார்? அபூ மூஸா அல்-அஷ்அரீ (ரலி) அவர்கள் குர்ஆன் ஓதிய குரலைப் பாராட்ட, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தாவூது (அலை) குடும்பத்தாரின் 'மிஸ்மார்' என்ற சொல்லையே எடுத்தாண்டார்கள் என்பதும் நினைவுக்கு வருகிறது. இதைக் கொண்டு தீர்ப்பு வழங்க நாம் முற்படவில்லை. அது முஃப்திகளின் பணி. கோயிலில் வாசித்ததைப் பற்றிய கேள்வி வேறு. அதற்கு 1999இல் மறைந்த அந்தக் கலைஞரே தம் இறைவனிடம் விடை சொல்லிக்கொள்வார்.

பெரியவருக்கு நாம் விடை கூறவில்லை. "தோடி முடியட்டும், ஐயா" என்று மட்டும் சொல்லி அமர்ந்திருந்தோம். மேல் ஷட்ஜத்தில் அவர் நின்ற வேளையில், வீட்டுப் பிள்ளை எவனோ ஒலிநாடாவை நிறுத்திச் சினிமாப் பாட்டை வைத்துவிட்டான்.