உழைச்செல்வான் யார்?

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம் பள்ளிகளில் விரும்பிப் பயிற்றப்படும் அதிகாரங்களுள் ஒன்று. உணவின் அளவைப் பற்றிய குறட்பாக்கள் அதில் மிகுதி. நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்து மருத்துவம் செய்யுமாறு கூறுவது ஒன்று. நோயாளியின் நிலை, நோயின் அளவு, காலம் ஆகியவற்றை எண்ணிச் செய்யுமாறு கூறுவது மற்றொன்று. இறுதியில் நிற்கும் குறட்பா, மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்து அதிகாரத்தை முடிக்கின்றது. நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, உழைச்செல்வான் என்பன அந்நான்கு. முதல் மூன்றையும் மாணவர்க்கு விளக்க ஒரு நொடி போதும். நான்காவதற்கு வரும்போது, 'உதவியாளன்' என்று ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுக் குடிமை அதிகாரத்திற்குச் சென்றுவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு.

மருத்துவத்தின் நாலில் ஒரு பங்கை இத்துணை எளிதாகக் கடந்து செல்லலாமா? உழைச்செல்வான் யார்? அவன் யாருக்கு உதவியாளன்? மருத்துவனுக்கா, மருந்துக்கா, நோயாளிக்கா? இவ்வினாக்களுக்கு உரையாசிரியர்கள் ஒரே விடை கூறவில்லை.

பரிமேலழகர் இச்சொல்லை மருந்தோடு சேர்த்துப் பொருள் கொள்கின்றார். மருந்தைப் பிழைபடாமல் நடத்துபவன் என்பது அவர் கருத்து. நம் காலத்தில் மிகுதியாகப் பயிலப்படும் தெளிவுரையில் டாக்டர் மு. வரதராசனாரும், உடனிருந்து மருந்தைக் கொடுப்பவன் என்ற முறையிலேயே விளக்குகின்றார். 1886-இல் குறளை ஆங்கிலத்தில் வெளியிட்ட ஜி. யு. போப் வேறு வழியில் சென்றார். அவர் மொழிபெயர்ப்பில் உழைச்செல்வான் நோயாளியின் பக்கத்தில் இருந்து பணி செய்பவன். ஆக, மருந்தின் பக்கத்தான் என்பாரும், நோயாளியின் பக்கத்தான் என்பாரும் என இரு திறத்தார் உளர்.

சொல்லை நோக்குவோம். 'உழை' என்பது இடம், பக்கம் என்று பொருள்படும். ஏழாம் வேற்றுமையின் பொருளிலும் வரும். அரசன் அருகில் நிற்போரை உழையர் என்பது பழைய வழக்கு. வள்ளுவரே இதே அடிச்சொல்லை வேறோர் இடத்தில் ஆளுகின்றார். அமைச்சு அதிகாரத்தில், அமைச்சனை அவர் 'உழையிருந்தான்' என்று குறிக்கின்றார். அரசன் தானும் அறியாமல், அறிந்தோர் சொல்லையும் கொள்ளாத நிலையில்கூட, அவனுக்கு உறுதியானதை எடுத்துச் சொல்வது உழையிருந்தானின் கடமை என்பது அங்குள்ள கருத்து. அரசன் அருகில் இருப்பவன் உழையிருந்தான். நோயாளி அருகில் இயங்குபவன் உழைச்செல்வான். முன்னவனை யாரும் ஏவலாள் என்று பொருள் கொள்வதில்லை. பின்னவனை மட்டும் ஏவலாளாக்குவது எந்த நியாயத்தின்பாற்பட்டது? அருகில் இருப்பவனுக்கு அறிவும் கடமையும் உண்டு என்பது முதல் சொல்லால் விளங்குமானால், இரண்டாம் சொல்லுக்கும் அப்பொருள் பொருந்த வேண்டும் அன்றோ?

பரிமேலழகரை இவ்விடத்தில் குறை கூறி விட்டுவிடுவதும் முறையாகாது. அவர் நான்கு கூறு ஒவ்வொன்றுக்கும் நந்நான்கு இயல்புகளைக் காட்டுகின்றார். உழைச்செல்வானுக்கு அவர் கூறுவன: நோயாளியிடத்து அன்பு, உள்ளமும் சொல்லும் உடலும் தூயனவாக இருத்தல், சொல்லியவற்றைச் சொல்லியவாறே செய்து முடிக்கும் வன்மை, அறிவு. அன்பை முதலில் வைத்து அறிவை முடிவில் வைத்தார். நடுவில் உள்ள ஒன்றுதான் ஏவியதைச் செய்யும் திறம். மருந்தை நடத்துபவன் என்று பொருள் உரைத்த அதே உரையாசிரியர், இயல்புகளை அடுக்கும்போது நோயாளியின் பக்கம் வந்துவிடுகின்றார். அவருடைய பட்டியலே அவருடைய பொருளுரையைத் திருத்துகின்றது எனலாம்.

இப்பகுப்பு தமிழுக்கு மட்டும் உரியதன்று. சரக சங்கிதையும் மருத்துவத்திற்கு நான்கு கால்கள் கூறும். பணிபுரிவோனுக்கு அது விதிப்பன, பணிமுறை அறிதல், கைத்திறம், அன்பு, தூய்மை என்பன. இரு பட்டியலும் பெரிதும் ஒத்துள்ளன. ஆயின் ஒரு வேற்றுமை கருதத்தக்கது. சரகர் நால்வருள் மருத்துவனே தலைமையானவன் என்று வெளிப்படையாகக் கூறி அதனை நிறுவுகின்றார். வள்ளுவர் குறட்பாவில் அத்தகைய ஏற்றத்தாழ்வு இல்லை. நான்கும் ஒரே வரிசையில் நிற்கின்றன.

உரைகளுள் எது வலியது என்பதை ஏட்டில் மட்டும் வைத்துத் துணிய வேண்டியதில்லை. நோயும் மருத்துவமும் நம் ஊரிலேயே சான்றுகளை விட்டுச் சென்றுள்ளன.

மலாக்காவிலிருந்து வந்த வணிகர் டான் டோக் செங் அளித்த நன்கொடையால் ஏழை நோயாளர்க்கான மருத்துவமனைக்கு 1844-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. பேர்ல்ஸ் குன்றில் எழுந்த அம்மருத்துவமனை பின்னர்ச் சிராங்கூன் சாலையும் பாலஸ்டியர் சாலையும் கூடும் இடத்திற்கு வந்து, 1909-இல் மோல்மீன் சாலைக்குச் சென்றது. தேக்கா வட்டாரத் தமிழர்க்கு அது நெடுங்காலமாக அண்டை வீடு. ஆனால், சிங்கப்பூரில் தாதிமைப் பணி தொடங்கிய நாளாகக் கொள்ளப்படுவது 1885 ஆகஸ்ட் முதல் தேதி. அன்றுதான் கன்னிமாடத்துப் பிரெஞ்சுத் துறவியர் பொது மருத்துவமனையில் நோயாளரைப் பேணும் பணியை ஏற்றனர். இன்றும் ஆகஸ்ட் முதல் தேதி தாதியர் தினமாக நினைக்கப்படுகின்றது. கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டிய ஆண்டிற்கும் இதற்கும் இடையே நாற்பத்தோர் ஆண்டுகள்! நோயாளர் இருந்தனர், மருத்துவர் இருந்தனர், மருந்தும் இருந்தது. நான்காம் கூறுதான் கடைசியில் வந்தது. நாம் பாடம் சொல்லும் முறைக்கும் இவ்வரலாற்றுக்கும் உள்ள ஒற்றுமை நோக்கத்தக்கது.

அடுத்துக் காசநோயை எடுத்துக்கொள்வோம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் சிங்கப்பூரில் உயிர்களை வாரிச் சென்ற நோய் அது. அதன் மருத்துவம் பற்றிய உலகின் கருத்தை மாற்றிய ஆய்வு ஒன்று தமிழ்நாட்டில் நடந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றமும் சென்னை அரசும் உலகச் சுகாதார நிறுவனமும் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றமும் கூடி 1956-இல் சென்னையில் காசநோய் ஆய்வு நிலையம் ஒன்றை நிறுவின. நோயாளருள் ஒரு பகுதியினர் சானடோரியத்தில் நல்ல உணவோடும் ஓய்வோடும் வைத்துப் பார்க்கப்பட்டனர். மற்றொரு பகுதியினர் நெருக்கடியான தம் வீடுகளிலேயே இருந்து அதே மருந்தை உண்டனர். வீட்டில் இருந்தோரும் ஏறக்குறைய அதே அளவில் குணமடைந்தனர் என்பது 1959-இல் வெளியான முடிவு. கட்டிலும் காற்றோட்டமும் அல்ல, மருந்தைத் தவறாமல் உண்ணுதலே நோயைத் தீர்த்தது.

ஆயின் தவறாமல் உண்ணுதல் எளிதா? காசநோய்க்குப் பல மாதங்கள் மருந்து உண்ண வேண்டும். சில வாரங்களிலேயே இருமல் குறையும், பசி எடுக்கும், உடல் தேறும். நலமாகிவிட்டோம் என்று எண்ணி நோயாளி மருந்தை நிறுத்துவார். எஞ்சிய கிருமிகள் மருந்துக்கு அடங்காதனவாகித் திரும்ப எழும். இதனைக் கண்ட சென்னை ஆய்வாளர், நோயாளி மருந்தை விழுங்குவதை ஒருவர் நேரில் பார்க்க வேண்டும் என்ற முறையை வலியுறுத்தினர். சிங்கப்பூரில் 1997-இல் தொடங்கிய காசநோய் ஒழிப்புத் திட்டமும் இம்முறையைக் கைக்கொண்டது. நோயாளர் பலதுறை மருந்தகத்திற்கு வந்து, தாதியின் கண்முன் மருந்தை விழுங்கிச் செல்கின்றனர். இங்கே பரிமேலழகரும் மு. வரதராசனாரும் கூறிய பொருள் முழுமையாகப் பொருந்துகின்றது. மருந்தைப் பிழையாமல் நடத்துபவர் இல்லையேல் மருந்து இருந்தும் இல்லாததே ஆகும். ஆறு மாத காலம் ஒருவரை நாள்தோறும் வரச் செய்வதற்கு ஏவலும் அதட்டலும் போதா. ஒரு நாள் வராதவர் ஏன் வரவில்லை என்று கேட்கும் அன்பும், அவர் சொல்லும் குமட்டல் மருந்தின் விளைவா, வேறு நோயா என்று பிரித்தறியும் அறிவும் வேண்டும்.

இனி, அப்பொருள் பொருந்தாத ஓர் இடம். 2003-இல் சார்ஸ் நோய் சிங்கப்பூருக்கு வந்தது. நோயுற்றோர் 238 பேர். இறந்தோர் 33 பேர். டான் டோக் செங் மருத்துவமனையே அந்நோய்க்கென ஒதுக்கப்பட்டது. நோய் புதிது, அதைத் தீர்க்கும் மருந்து என்று உறுதியாகச் சொல்லத்தக்கது எதுவும் அன்று இல்லை. வள்ளுவரின் மூன்றாம் கூறு வெற்றிடமாக இருந்தது. மருந்தை நடத்துபவன் என்பதே உழைச்செல்வானுக்குப் பொருளாயின், மருந்தில்லாத அவ்விடத்தில் அவனுக்கு வேலையே இல்லை. நடந்தது யாது? மூச்சுத் திணறியவர்க்கு உயிர்வளி கொடுத்தும், புரட்டிப் படுக்க வைத்தும், உடலைத் துடைத்தும், உறவினர் நெருங்க இயலாத அறைக்குள் ஒரு மனிதக் குரலாக இருந்தும் தாதியரே நோயாளரைப் பேணினர். நோயுற்றோரில் ஐந்தில் இருவர் மருத்துவமனைப் பணியாளர்கள். பணியாளர் ஐவர் இறந்தனர். அவருள் மருத்துவரும் உண்டு, தாதியும் உண்டு. உழை என்பது நோயாளியின் பக்கமே என்று கொள்வதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுமா? மருந்து உள்ளபோது மருந்தையும் நடத்துவான், இல்லாதபோதும் பக்கம் விட்டு நீங்கான் என்று இரு உரைகளையும் இணைத்துக் கொள்வதே தக்கது.

நோயாளிக்குப் பரிமேலழகர் கூறும் இயல்புகளுள், தன் நோய்நிலையை எடுத்துரைத்தல் என்பதும் ஒன்று. மருத்துவன் வழி நிற்றலையும் மருந்தின் துன்பத்தைப் பொறுத்தலையும் அதனோடு சேர்த்துக் கூறுகின்றார். எடுத்துரைப்பதற்கு மொழி வேண்டும். நம் முதியோர் 'நெஞ்சைக் கரிக்குது' என்பர், 'நெஞ்சை அடைக்குது' என்பர். முன்னது பெரும்பாலும் வயிற்றுப் புளிப்பின் தொல்லை. பின்னது உயிருக்கு இறுதியாகவும் ஆகலாம். 'கால் மரத்துப்போச்சு' என்று நீரிழிவு நோயாளி சொல்வது, காலில் புண் உண்டானாலும் அவர் உணரார் என்பதற்கு எச்சரிக்கை. நீரிழிவு சிங்கப்பூர் இந்தியரிடையே மிகுதியாக உள்ள நோய் என்பதை நாம் அறிவோம். 2020-இல் வெளிநாட்டு ஊழியர் விடுதிகளில் கொவிட்-19 பரவி ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் தொற்றுக்கு ஆளானபோது, தமிழும் வங்காளமும் அறிந்த தொண்டர்கள் மொழிபெயர்ப்புக்கு முன்வர வேண்டியிருந்தது. அருகில் நிற்பவர்க்கு நோயாளியின் மொழி தெரிந்தால், நோயாளியின் கடமையிலும் ஒரு பாதி எளிதாகின்றது. தாதிமைப் பணியை நாடிச் செல்லும் நம் மாணவர்க்குத் தமிழ் வகுப்பு கொடுக்கக்கூடிய பெரிய கருவி இதுவே. நம் பயிற்சி ஏடுகளில் விழாக்களும் சுற்றுலாக்களும் இடம்பெறும் அளவிற்கு, நோயைச் சொல்லும் சொற்கள் இடம்பெறுவதில்லை.

சொல்லைப் பற்றி இறுதியாக ஒன்று. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இலங்கையிலும் தாதி என்கின்றோம். தமிழ்நாட்டில் செவிலியர் என்கின்றனர். தாதி வடசொல், வளர்ப்புத் தாய் என்னும் பொருளோடு பணிப்பெண் என்னும் பொருளும் அதற்கு உண்டு, ஆகவே அதைக் கைவிட்டுச் செவிலி என்றே வழங்க வேண்டும் என்பார் உளர். செவிலி அழகிய சொல். அகப்பாடல்களில் தலைவியை வளர்ப்பவள், அவள் உடன்போக்கில் சென்றபின் தேடித் தவிப்பவள். ஆயின் அவள் வளர்த்தது நலமுள்ள மகளை. நோயுற்ற அயலாரை அன்று. ஆங்கிலத்து நர்ஸ் என்ற சொல்லும் பாலூட்டும் தாய் என்னும் பொருளிலிருந்து வந்ததே. இம்மூன்று சொற்களும் பெண்மையையும் தாய்மையையும் கூறுகின்றனவே அன்றிக் கல்வியைக் கூறவில்லை. ஆண்கள் இப்பணிக்கு வந்தால் 'ஆண் தாதி' என்று ஒட்டுப்போட வேண்டியுள்ளது. நம் அண்டை வீட்டார் சொற்களைக் காண்க. மலாய் மொழியின் ஜுருராவாட் என்பதற்குப் பேணுவதில் தேர்ந்தவர் என்பது பொருள். சீனத்தில் 1914-இல் வழக்கிற்கு வந்த ஹூஷி என்னும் சொல் காத்தலையும் கற்றோரையும் ஒருங்கே குறிக்கின்றது. அவற்றில் உள்ள அறிவு நம் சொல்லில் இல்லை. வள்ளுவர் குறட்பாவிலும் அதன் உரையிலும் உள்ளது.

இதனால் வேரூன்றிய தாதி என்னும் சொல்லைப் பிடுங்கி எறிய வேண்டும் என்பது கருத்தன்று. மருத்துவமனைப் படுக்கையில் கிடப்பவர் அழைக்கும் சொல்லை அகராதிச் சண்டைக்காக மாற்றுவதால் அவர்க்கு ஒரு பயனும் இல்லை. சொல் அப்படியே இருக்கட்டும். அதனுள் நாம் வைக்கும் பொருள் வளரட்டும். அப்பொருளை வளர்க்கும் இடம் வகுப்பறை. பெற்றோர் தம் பிள்ளைகள் மருத்துவராக வேண்டும் என்று விரும்புகின்றனர். தாதியாக விரும்பும் பிள்ளையைச் சற்றுத் தயங்கியே பார்க்கின்றனர். அத்தயக்கத்திற்கு, நான்காம் சொல்லை 'உதவியாளன்' என்று நாம் சொல்லிப் போகும் பாடமும் ஒரு காரணம். மருந்து அதிகாரத்தின் இறுதிக் குறட்பாவைக் கற்பிக்கும் ஆசிரியர், உழையிருந்தானையும் உழைச்செல்வானையும் அருகருகே எழுதிக் காட்டி, அன்பு, தூய்மை, வன்மை, அறிவு என்னும் நான்கையும் மாணவர் வாயாலேயே சொல்ல வைப்பாராக. அதற்குப் பத்து நிமிடங்கள் போதும்.