தூக்குமேடையருகே ஒரு பிரான்சிஸ்

பர்மாவில் ஆங்கிலேயர் இழைத்த கொடுமைகளைப் பேசும்போது, பார்வையாளராக அமர்ந்துகொள்வது நம் வழக்கம். ஜார்ஜ் ஆர்வெல் 1931-இல் வெளியிட்ட, ஒரு கைதியின் தூக்கைப் பற்றிய சிறு கட்டுரை அவ்விடத்தை நமக்கு மறுக்கிறது. வேலப்பன்சாவடியில் போதகரும் மாணவரும் கூடி அதனை வாசித்தபோது இதனை உணர்ந்தோம்.

ஆர்வெல் 1922 முதல் 1927 வரை பர்மாவில் காவல்துறை அதிகாரியாயிருந்தவர். கட்டுரையில் உள்ளது நேரில் கண்டதா, புனைந்ததா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அதனால் அதன் வலிமை குன்றவில்லை. தூக்குமேடைக்கு நடத்தப்படும் கைதி, வழியில் தேங்கிய நீரில் கால் படாமல் விலகி நடக்கிறான். உயிருள்ள மனிதனைக் கொல்வது எத்தகைய அநீதி என்பது அந்த ஓரடியில் ஆசிரியருக்கு விளங்குகிறது.

நம்மை உறுத்துவதோ வேறு. தலைமைச் சிறைக்காவலர் ஒரு திராவிடர். அவர் பெயர் பிரான்சிஸ். எல்லாம் ஆயத்தம் என்று மேலதிகாரியிடம் பணிவோடு அறிவிப்பவர் அவர். காரியம் முடிந்தபின், கம்பியைப் பற்றிக்கொண்டு வர மறுத்த வேறொரு கைதியின் கதையைச் சொல்லிச் சிரிப்பூட்டுபவரும் அவரே. மாண்டவனுக்குக் கட்டுரையில் பெயரில்லை, பிரான்சிசுக்கு உண்டு.

இது கற்பனையின் விபத்தன்று. 1824-இல் தொடங்கிய முதற்போரிலும், 1885-இல் தீபோ மன்னரை வீழ்த்திய போரிலும் சென்னைப் படையினர் சென்றனர். பின்னர் எதிர்ப்பை ஒடுக்கக் கிராமங்கள் எரிக்கப்பட்டன. 1930களின் இறுதிக்குள் கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நாலிலொரு பங்கு நிலம் செட்டியார் வட்டிக்கடைகளின் கைக்கு வந்தது. குடியானவர் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய சாயா சான், இக்கட்டுரை வெளியான அதே 1931-இல் தூக்கிலிடப்பட்டார். வறுமையால் கடல் கடந்த நம் கூலிமக்களை இக்கணக்கில் சேர்ப்பது நியாயமன்று. எனினும் கணக்கு இல்லையென்று சொல்வதும் நேர்மையன்று.

ஆர்வெலிடம் குறையுண்டு. கைதி செய்த குற்றம் என்ன, அவனைத் தண்டித்த சட்டம் யாருடையது என்று அவர் கேட்கவில்லை. பிரான்சிசின் உச்சரிப்பைக் கேலிக்குரியதாக்குகிறார். ஆயினும் சிரித்தவர்களோடு தம்மையும் எண்ணி ‘நாங்கள்’ என்றே எழுதுகிறார். அதுவே இக்கட்டுரையின் அறம்.

கைகழுவிய பிலாத்துவைப் பிரசங்கபீடத்திலிருந்து நாம் எளிதில் கண்டிக்கிறோம். சிலுவையில் அறைந்த போர்ச்சேவகர் கூலிக்கு உழைத்தவர்களென்று கடந்துபோகிறோம். பிரான்சிஸ் நம்மைக் கடந்துபோக விடுவதில்லை. அவர் நம் சபைப் பதிவேட்டில் இருந்திருக்கக்கூடியவர். பாவ அறிக்கையில் நாம் சொல்லும் ‘நாங்கள்’ அவரையும் உள்ளடக்குமா?