கண்டதும் கருதியதும்: ‘அந்த நாள்’ முன்வைக்கும் சாட்சியங்கள்

1943 அக்டோபர் 11 அன்று இரவு சென்னை மீது ஜப்பானியர் குண்டு வீசினர். மறுநாட் காலை வானொலிப் பொறியாளன் ராஜன் தன் வீட்டில் சுடப்பட்டுச் சாகிறான். ஏவி.எம். தயாரிப்பில் வீணை எஸ். பாலசந்தர் இயக்கி 1954இல் வெளிவந்த ‘அந்த நாள்’ இவ்வாறு தொடங்குகிறது. சிவாஜி கணேசனைத் தொடக்கத்திலேயே சாகவிட்டு, பாட்டும் நடனமும் இன்றிக் கதை சொன்ன துணிவைப் பலர் எழுதிவிட்டனர். காவேரிப்பட்டினத்தில் நம் இல்லத்தில், வேண்டிய இடத்தில் நிறுத்தியும் திரும்ப ஓட்டியும் அதனைக் கண்டபோது நம்மை உறுத்தியது வேறொன்று.

சாட்சியத்தைக் குறிக்கும் ‘ஷஹாதத்’ என்னும் அரபுச் சொல், நேரில் இருத்தல், காணுதல் ஆகிய பொருள்களைத் தரும் வேரிலிருந்து பிறந்தது. எனவே ஃபிக்ஹு நூலார் சாட்சியிடம் வினவுவது அவர் கருதுவதை அன்று, கண்டதையே. இப்படத்திலோ அண்டை வீட்டுச் சின்னையா, தம்பி பட்டாபி, அவன் மனைவி ஹேமா, ராஜனோடு உறவு கொண்டிருந்த அம்புஜம் ஆகியோரிடம் இருப்பவை ஐயங்கள் மட்டுமே. ஆயினும் ஒருவர் வாய் திறந்ததும், திரை அவருடைய கூற்றை நடந்த நிகழ்ச்சியாகவே விரித்துவிடுகிறது. செவியால் மட்டும் கேட்டிருப்பின் ‘இது இவர் கூற்று’ என்று தள்ளி வைத்திருப்போம். கண்ணால் கண்டதும் நாமே சாட்சிகளாகி விடுகிறோம். உடன் பார்த்த நம் வீட்டார் பாதிப் படத்திலேயே தம்பிக்குத் தண்டனை விதித்துவிட்டனர்!

பாலசந்தருக்கு உந்துதலாயிருந்த அகிரா குரோசாவாவின் ‘ராஷோமோன்’ (1950), வாக்குமூலங்களை ஒன்றோடொன்று மோதவிட்டு உண்மையை எட்டாத் தொலைவில் நிறுத்துகிறது. ‘அந்த நாள்’ அவ்வழி செல்லவில்லை. ஜாவர் சீதாராமன் ஏற்ற துப்பறியும் அதிகாரி, உண்மை ஒன்று உண்டு, அதனை அடையவும் இயலும் என்று நம்பி நடக்கிறார். சொல்பவரின் பகையையும் நலனையும் அறிந்து சொல்லை எடைபோடுகிறார். ஹதீஸ் கலையின் அறிவிப்பாளர் திறனாய்வு நமக்கு நினைவு வந்தது. அவ்வொப்புமையை இதற்குமேல் நீட்டலாகாது.

இறுதியில் பேசுபவள் மனைவி உஷா. நாட்டின் இரகசியங்களை ஜப்பானியருக்கு விற்ற கணவனைத் தடுக்க முனைந்தபோது, அவள் கைத் துப்பாக்கியின் குண்டே அவனைச் சாய்த்தது. தனக்கெதிராகத் தானே உரைக்கும் இத்தகைய ஒப்புதலுக்கு ஃபிக்ஹில் ‘இக்ரார்’ என்னும் தனிப்பெயரும் தனி எடையும் உண்டு. கேமராவுக்கு அவ்வேறுபாடு தெரியவில்லை. முந்தைய ஐயங்களைக் காட்டிய அதே உறுதியோடுதான் இதனையும் காட்டுகிறது. இதனைப் படத்தின் பெருங்குறை என்றே கொள்வோம். அக்குறையை ஓரளவு நிரப்புவது பண்டரிபாயின் முகம்: அதில் தற்காப்பும் இல்லை, பிறர்மேல் பழி ஏற்றும் விரைவும் இல்லை.