மணவிலக்குப் பத்திரத்தில் மறைந்த கணக்கு

மணமக்கள் சேரும்போது எழுதப்படும் ஏட்டை ஊரறிய வாசிக்கிறோம். பிரியும்போது எழுதப்படும் பத்திரத்தையோ மடித்து வைத்துவிடுகிறோம். அதனைப் பிரித்துப் படிப்பது நம் கடமையாகிறது.

மனைவி வேண்டிப் பெறும் விலக்கு குல்உ. இருவரும் ஒருங்கே இசைந்து பிரிவது முபாராத். 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் இரண்டையும் பெயர் குறித்தே ஏற்றுள்ளது.

குல்உவின் மூலத்தை நாடினால் தாபித் இப்னு கைஸ் (ரலி) அவர்களின் மனைவியார் நம்முன் நிற்கிறார். கணவரின் மார்க்கத்திலோ ஒழுக்கத்திலோ அவர் குறை காணவில்லை. சேர்ந்து வாழ மனம் இசையவில்லை என்றே முறையிட்டார். மஹராகப் பெற்ற தோட்டத்தைத் திருப்பித் தந்து விடுதலை பெற்றார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அளித்த தீர்ப்பு அது. கணவர் தந்தது கணவருக்கே மீண்டது. எத்துணை நேர்மையான கணக்கு!

கைக்கூலி வாங்கும் வழக்கமுள்ள நம் ஊர்களில் இக்கணக்கு தலைகீழாகிறது. மஹர் சிறு தொகை. அதுவும் பல வேளைகளில் கடனாகவே நிற்கும். ரொக்கமும் நகையும் சீர்வரிசையும் பெண்வீட்டிலிருந்து சென்றவை. ஆயினும், மஹரையும் இத்தா காலச் செலவையும் மனமொப்பி விட்டுக்கொடுத்ததாகப் பத்திரத்தில் ஒரு வரி இருக்கும். கைக்கூலியைப் பற்றி ஒரு சொல்லும் இராது. கைக்கு வராததை அவள் விட்டுக்கொடுக்கிறாள். கொடுத்ததைக் கேளாமல் போகிறாள். இதுவா மனமொப்புதல்?

பிணக்கு கணவனால் விளைந்ததாயின் மனைவியிடம் ஈடு பெறுவது வெறுக்கத்தக்கது என்பது ஹனபிச் சட்ட நூலான ஹிதாயாவின் கருத்து. குல்உ என்றாலே பெண் அனைத்தையும் இழப்பது என்று பொருள் கொள்வது மார்க்கத்தின் குறையன்று. பத்திரம் எழுதும் நம்மவர் குறை.

பிள்ளைகளின் பராமரிப்பையும் அதே வரியில் தீர்த்துவிட நினைப்போர் உளர். தாயின் மணவிலக்கால் பிள்ளைகளின் ஜீவனாம்ச உரிமை அற்றுப்போகாது என்று 1997இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. தனியார் அமைப்பு வழங்கும் குல்உ சான்றிதழ் செல்லாது, குடும்ப நீதிமன்றத்தையே நாடவேண்டும் என்று 2023இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதனைத் தலையீடு என்று மனம் புழுங்குவோர், அந்நிலை வரக் காரணமென்ன என்பதையும் எண்ணிப்பார்க்க வேண்டும்.

நாம் கோருவது பெரிதன்று. யார் எதைத் தந்தார், எது மீண்டது, எது நிலுவை என்பதைப் பத்திரத்தின் முதற்பக்கத்திலேயே எழுதுக. அதனை அப்பெண்ணுக்குப் படித்துக் காட்டுக. கையொப்பம் பிறகு ஆகட்டும்.