குறை கேட்கும் நிர்வாகம்: ஒரு வாசிப்பு

ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் லைனில் நிற்கிற தம்பி சொன்னது: 'அண்ணே, சனிக்கிழமை ஷிஃப்ட் முடிஞ்சதும் எங்களை உட்கார வெச்சாங்க. கோச்சாம். மனசுல இருக்கிறதை ஒளிக்காம பேசுங்கன்னார். பஸ் லேட்டா வருது, ஓடி காசு சரியா ஏறலைன்னேன். ரொம்ப நல்லா பகிர்ந்துக்கிட்டீங்கன்னு எல்லாரையும் கைதட்டச் சொன்னார். அவ்வளவுதான்ணே.'

இந்த 'அவ்வளவுதான்' என்பதிலிருந்து தொடங்கலாம். பேச்சு கேட்கப்பட்டது, பாராட்டவும் பட்டது. பஸ் வரவில்லை. இதை ஏமாற்று வேலை என்று ஒரே வரியில் தள்ளிவிடுவது நமக்குப் பழகிப்போனது. ஆனால் அந்தப் பயிற்றுநர் மனசார கேட்டிருக்கவும் கூடும். அவருடைய நேர்மை இங்கே பிரச்சினையே இல்லை. 'எம்ப்ளாயி எங்கேஜ்மென்ட்' என்ற சொல்லாடலுக்குள் 'கேட்டல்' என்ற செயல் எப்படிக் கட்டமைக்கப்பட்டிருக்கிறது என்பதே கேள்வி.

1911இல் பிரடெரிக் டெய்லர் விஞ்ஞானபூர்வ நிர்வாகத்தின் கோட்பாடுகளை வெளியிட்டபோது அவருக்குத் தொழிலாளியின் கை போதுமானதாக இருந்தது. ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்தார். மனம் தேவைப்பட்டது பிறகுதான். சிகாகோவை ஒட்டிய சிசரோவில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனியின் ஹாதார்ன் ஆலையில் 1924 முதல் 1932 வரை நடந்த ஆய்வுகள் அதற்கு வழி போட்டன. 1927இல் டெலிபோன் ரிலே பொருத்தும் பெண்கள் சிலரைத் தனி அறையில் உட்காரவைத்து, ஓய்வு, வேலை நேரம், கூலிமுறை என்று மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். உற்பத்தி ஏறியது. அக்கறை காட்டினால் தொழிலாளி கூடுதலாக உழைப்பாள் என்ற பாடம் இங்கிருந்துதான் பாடப்புத்தகங்களுக்குப் போனது. அதே அறையிலிருந்து 1928 ஜனவரியில் இரண்டு பெண்கள் மாற்றப்பட்டார்கள். காரணம்? பேச்சு ஜாஸ்தி, ஒத்துழைப்பு கம்மி. தொழிலாளி பேசுவதைக் கேள் என்று போதிக்கிற சாஸ்திரம், அதிகம் பேசிய இருவரை வெளியே அனுப்பிவிட்டுத்தான் நடை பழகியிருக்கிறது.

அதே 1928இல் பேட்டித் திட்டம் தொடங்கியது. இரண்டே வருஷத்தில் 20,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் குறை சொல்லவைக்கப்பட்டார்கள். ரோத்லிஸ்பெர்கரும் டிக்சனும் 1939இல் வெளியிட்ட நூலில் ஓர் உதாரணம் வருகிறது. ஒரு தொழிலாளி பீஸ் ரேட் குறைவு என்கிறான். பேசவிட்டுப் பார்த்தால், மனைவி ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், டாக்டர் பில் அவனை அரிக்கிறது. ஆக, கூலி பற்றிய புகார் மேற்பொருள். உள்ளே கிடப்பது குடும்பக் கவலை. இதுதான் அவர்கள் வாசிப்பு.

சரி, டாக்டர் பில்லை எதைக்கொண்டு கட்டுவான்? கூலியைக்கொண்டுதானே. கவலைக்கும் கூலிக்கும் இருக்கிற நேர்கோட்டை வெட்டிவிட்டு, ஒன்றை மற்றதன் 'அறிகுறி' ஆக்கிவிடுகிறார்கள். பிரதி சொல்வதை விட்டு அது மறைப்பதைத் தேடு என்று இலக்கிய விமர்சனத்தில் நாம் கொண்டாடிய அதே வாசிப்பு முறை, நிர்வாகத்தின் கையில் எப்படி வேலைசெய்கிறது பாருங்கள். கோரிக்கையாக உள்ளே போனது மனநிலையாக வெளியே வருகிறது. கோரிக்கை என்றால் பதில் சொல்லியாகவேண்டும். மனநிலைக்கு ஆறுதல் போதும். பாவசங்கீர்த்தனத்தில் பேசுகிறவனைவிடக் கேட்கிறவனிடமே அதிகாரம் இருக்கிறது என்று ஃபூக்கோ 1976இல் எழுதியதை இங்கே பொருத்திப் பார்க்கலாம்.

அமெரிக்கத் தொழிலாளிக்குச் சங்கம் சேரும் உரிமையை வாக்னர் சட்டம் 1935இல் உறுதிசெய்தது. அதற்கு அடுத்த வருஷம் ஹாதார்னில் ஆலோசகர்கள் வந்தார்கள். கேட்பது அவர்கள் வேலை. எதையும் மாற்றும் அதிகாரம் அவர்களுக்குக் கிடையாது.

அந்த ஆலையிலேயே இன்னொரு அறை உண்டு. 1931–32இல் அங்கே வயரிங் வேலை பார்த்த 14 ஆண்கள், ஒருநாள் வேலை என்றால் எவ்வளவு என்பதைத் தங்களுக்குள் முடிவுசெய்துகொண்டார்கள். வேகமாகச் செய்கிறவனுக்குத் தோளில் ஒரு குத்து விழும். இன்றைய கோச் இவர்களை 'ஈடுபாடு அற்றவர்கள்' என்று குறித்துக்கொள்வார். ஈடுபாடு எக்கச்சக்கமாக இருந்தது, ஒருவர்மேல் ஒருவருக்கு. மந்தம் கொண்டுவந்த ஆட்குறைப்பில் அந்த ஆய்வும் முடிந்துபோனது.

'எங்கேஜ்மென்ட்' என்ற சொல்லை 1990இல் வில்லியம் கான் ஆய்வுலகத்துக்குக் கொண்டுவந்தார். பிறகு கேலப் நிறுவனத்தின் பன்னிரண்டு கேள்விகள் உலகம் சுற்றின. வேலையிடத்தில் உயிர்த்தோழர் உண்டா என்றுகூடக் கேட்கிறார்கள். உன் கருத்துக்கு மதிப்பு இருப்பதாகத் தெரிகிறதா என்கிறார்கள். பன்னிரண்டில் சம்பளம் பற்றி ஒன்றுகூட இல்லை.

இதற்கு எதிர்ப்பிரதி 2024இல் சுங்குவார்சத்திரத்தில் எழுதப்பட்டது. சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் செப்டம்பர் 9 முதல் ஒரு மாதத்துக்கும் மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். நடுவில் நிர்வாகம் ஒரு தொழிலாளர் குழுவோடு ஒப்பந்தம் போட்டது, போராடியவர்கள் ஏற்கவில்லை. சங்கத்தை அங்கீகரி என்பதே அவர்கள் முதல் கோரிக்கை. 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. காது கொடுங்கள் என்று அவர்கள் கெஞ்சவில்லை. எதிரில் சமமாக உட்காரும் நாற்காலியைக் கேட்டார்கள்.

கடைசியாக நம்மைப் பற்றி. நம் இயக்கக் கூட்டங்களிலும் 'தோழர்கள் மனம்திறந்து பேசலாம்' என்கிறோம். பேசுகிறார்கள். தலைமை குறித்துக்கொள்கிறது. முடிவு வேறெங்கோ எடுக்கப்படுகிறது. கோச்சைக் கிண்டல் செய்வதற்கு முன்னால், நம் அறைகளிலிருந்து பேச்சு ஜாஸ்தி என்று வெளியே போன அந்த இரண்டு பெண்கள் யார் என்று ஒருதரம் யோசிக்கலாம். தம்பி சொன்ன 'அவ்வளவுதான்ணே' நமக்கும் சேர்த்துத்தான்.