பில்லிங் கவுன்டரில் எடுபடாத தீர்ப்பு

போன வருடம் ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு, பக்கத்து வீட்டுப் பெரியவரை நெஞ்சு வலியோடு காரில் ஏற்றிக்கொண்டு ஒரு தனியார் மருத்துவமனைக்கு ஓடினேன். யாரும் முடியாது என்று சொல்லவில்லை. உடனே ஈசிஜி எடுத்தார்கள். அப்புறம் கவுன்டரில் இருந்த பெண், "அட்மிஷன் போடணும் சார், அட்வான்ஸ் கட்டிட்டு ரசீது கொண்டாங்க" என்றார். வாட்ஸப்பில் படித்ததை நம்பி நான், "எமர்ஜென்சின்னா முதல்ல வைத்தியம்தான் பார்க்கணும்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கும்மா" என்றேன். அந்தப் பெண் கோபப்படவில்லை. "கார்டா சார், ஜிபேயா?" என்று கேட்டார். கட்டினேன். பெரியவர் பிழைத்துக்கொண்டார், இப்போதும் காலையில் வந்து என் பேப்பரைத்தான் வாங்கிப் படிக்கிறார்.

அதற்கப்புறம்தான் அந்தத் தீர்ப்பை எடுத்து ஒழுங்காகப் படித்தேன். பரமானந்த் கட்டாரா எதிர் இந்திய அரசு, 28 ஆகஸ்ட் 1989. ஸ்கூட்டரில் போனவர் கார் மோதி விழுகிறார். வழியில் போன ஒருவர் அவரைப் பக்கத்து மருத்துவமனைக்குத் தூக்கிப்போகிறார். அங்கே, 'இது போலீஸ் கேஸ், அதற்கு அனுமதி உள்ள மருத்துவமனை 20 கிலோமீட்டரில் இருக்கிறது, அங்கே போங்கள்' என்கிறார்கள். போகும் வழியில் உயிர் போய்விடுகிறது. இந்தப் பத்திரிகைச் செய்தியை வைத்துத்தான் வழக்கே.

நீதிமன்றம் சொன்னது பெரிய விஷயம், அதில் சந்தேகமில்லை. அரசியலமைப்பின் 21வது பிரிவு உயிரைக் காக்கச் சொல்கிறது, அடிபட்டவர் நிரபராதியோ குற்றவாளியோ, அரசு டாக்டரோ தனியார் டாக்டரோ, முதலில் உயிரைக் காப்பாற்று, சட்ட நடைமுறையெல்லாம் பிறகு. ஆனால் தீர்ப்பின் கவலை எங்கே இருக்கிறது என்று கவனித்துப் படியுங்கள். போலீஸ் டாக்டரை அலைக்கழிக்கக் கூடாது, கோர்ட் தேவையில்லாமல் சாட்சிக்குக் கூப்பிடக் கூடாது என்றுதான் பக்கம் பக்கமாகப் போகிறது. வழக்கில் வந்த சாக்கு போலீஸ், அதனால் மருந்தும் போலீஸுக்கே. பணம் யார் தருவது, எப்போது தருவது என்ற கேள்விக்கு அதில் விடை கிடையாது. இந்தத் தீர்ப்பை ஊடகங்களில் பரவலாக விளம்பரப்படுத்த வேண்டும் என்றும் நீதிபதிகள் சொன்னார்கள். ஒருவகையில் அந்த வாட்ஸப் ஃபார்வர்டு அந்த உத்தரவைத்தான் இன்றுவரை நிறைவேற்றிக்கொண்டிருக்கிறது, பாதி செய்தியோடு.

இரண்டாவது சாக்கு, 'பெட் இல்லை'. இதற்கான வழக்கு 1996இல் வந்தது. மேற்கு வங்கத்தில் ஒரு விவசாயக் கூலித் தொழிலாளி 1992 ஜூலையில் மதுராபூர் ஸ்டேஷனில் ஓடும் ரயிலிலிருந்து விழுகிறார், தலையில் பலத்த அடி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வசதியில்லை. கொல்கத்தாவில் என்ஆர்எஸ்ஸில் எக்ஸ்ரே எடுத்து, உடனே சேர்க்கவேண்டும் என்று எழுதியும் கொடுத்து, பெட் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். மெடிக்கல் காலேஜில் இல்லை, நேஷனல் மெடிக்கல் காலேஜில் இல்லை. விடிந்தபின் பாங்கூர் நரம்பியல் நிலையத்தில் சிடி ஸ்கேனைப் பார்த்தார்கள், மூளையில் ரத்தக்கசிவு என்று தெரிந்தது, இந்த அவசர கேஸை இங்கே கையாள முடியாது என்றார்கள். கடைசியில் தனியார் மருத்துவமனையில் சுமார் 17,000 ரூபாய் செலவழித்துத்தான் பிழைத்தார். நீதிமன்றம் 25,000 ரூபாய் இழப்பீடு கொடுத்தது. நிதி இல்லை என்று அரசு கைவிரிக்க முடியாது என்றது. எந்த மருத்துவமனையில் பெட் காலி என்று உடனே தெரிய மையத் தகவல் தொடர்பு வேண்டும் என்றும் சொன்னது. என் பார்வையில் இது கட்டாராவைவிட நல்ல தீர்ப்பு. கோளாறு எங்கே என்று தேடிப்போகிறது. ஆனால் இது அரசு மருத்துவமனைகள் பற்றியது.

தனியாருக்கும் சேர்த்து எழுதப்பட்டது 2010ஆம் வருட மத்திய மருத்துவ நிறுவனங்கள் சட்டம். யார் வந்தாலும் நிலைமை சீராகும்வரை சிகிச்சை தரவேண்டும் என்கிறது 12வது பிரிவு. 'அவசர மருத்துவ நிலை'க்கு அது தரும் வரையறையை, நோயாளிகளைத் தட்டிக்கழிப்பதற்கு எதிராக அமெரிக்கா 1986இல் போட்ட எம்டாலா சட்டத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கிட்டத்தட்ட வரிக்கு வரி அதே. காப்பியடித்தது எனக்குப் பிரச்சினையில்லை, என் தொழிலே பாதி அதுதான். ஆனால் ஃபங்ஷனின் தலைப்பை மட்டும் காப்பியடித்து, உள்ளே இருக்கும் கோடை விட்டுவிட்டால் எப்படி ஓடும்?

விட்டவை எவை? பணம் எப்படிக் கட்டுவீர்கள், இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று விசாரிப்பதற்காகப் பரிசோதனையைத் தாமதப்படுத்தக் கூடாது என்று அங்கே தனி விதியே உண்டு. (இலவசம் என்று நினைக்கவேண்டாம். பில் பிறகு வரும், பயங்கரமாக வரும்.) வேறு இடத்துக்கு அனுப்பினால் அந்த மருத்துவமனை முன்கூட்டியே சம்மதித்திருக்க வேண்டும், ரிப்போர்ட்டெல்லாம் கூடவே போகவேண்டும். எனக்கு ரொம்பப் பிடித்தது லாக். அவசரப் பிரிவுக்கு வந்த ஒவ்வொருவர் பேரும், அவரைச் சேர்த்தார்களா, அனுப்பிவிட்டார்களா என்பதும் பதிவாக வேண்டும். பெரிய மருத்துவமனை மீறினால் ஒரு தடவைக்கு அபராதம் லட்சம் டாலரைத் தாண்டலாம். நம் சட்டத்தின் பொதுவான அபராதம் முதல் தடவை அதிகபட்சம் 10,000 ரூபாய். 'இருக்கும் ஊழியர், வசதிக்கு உட்பட்டு' என்ற விலக்கு வேறு. ஐசியு இல்லாத சின்ன நர்ஸிங் ஹோமுக்கு அந்த விலக்கு நியாயம்தான். ஆனால் அந்த நேரத்தில் வசதி இருந்ததா என்பதை லாக் இல்லாமல் யார் சரிபார்ப்பது? போதாக்குறைக்கு, இந்தச் சட்டம் மாநிலம் ஏற்றால்தான் செல்லும். தமிழ்நாடு தன் 1997 சட்டத்தோடு நிற்கிறது.

கறாராக எழுத நமக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. பாலியல் வன்முறைக்கும் ஆசிட் வீச்சுக்கும் ஆளானவர்களுக்கு அரசு, தனியார் எல்லா மருத்துவமனையும் உடனே இலவச சிகிச்சை தரவேண்டும், தவறினால் ஓராண்டு வரை சிறை. இது தெளிவான வாக்கியம். சாலை விபத்துக்குப் பணத்துக்கான விடையும் வந்துவிட்டது. 2021 டிசம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் செலவை, தொடங்கியபோது 1 லட்சம் ரூபாய் வரை, அரசே ஏற்றது. எந்த ஊர்க்காரராக இருந்தாலும் சரி. கோவை எலும்பு மருத்துவர் ராஜசேகரன் போட்ட பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் நெருக்கியபின், மத்திய அரசும் அந்த மே மாதம் 7 நாளுக்கு 1.5 லட்சம் வரையிலான திட்டத்தை அறிவித்தது. ராஜஸ்தானில் 2023இல் சுகாதார உரிமை மசோதாவை எதிர்த்துத் தெருவுக்கு வந்த தனியார் டாக்டர்கள் கேட்டதும், எங்களுக்கு யார் பணம் தருவார்கள் என்றுதான். நியாயமான கேள்வி.

மாரடைப்பு, பாம்புக்கடி, பிரசவத்தில் சிக்கல் எதுவும் இந்த விபத்துத் திட்டங்களுக்குள் வராது. பெரியவரை நான் கூட்டிப்போனது மாரடைப்புக்காக.

அவருடைய ஃபைலை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஈசிஜி தாளில் 2:14 என்று நேரம் அச்சாகியிருக்கிறது, அட்வான்ஸ் ரசீதில் 2:41. நடுவில் இருக்கும் 27 நிமிடத்துக்கு அந்த ஃபைலில் ஒரு தாளும் இல்லை.